ரோலின் முப்பத்தெட்டாவது படம்

தாடையைப் படமெடுக்கும் இயந்திரத்தின் முன்னால் வந்து நிற்கிறவர்களிடம் நான் சொல்ல வேண்டியவை நான்கு. கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றுங்கள். முகவாயை இந்தத் தாங்கியில் வையுங்கள். இந்தப் பிளாஸ்டிக் குச்சியை முன்பற்களால் கடித்துக்கொள்ளுங்கள். சத்தம் நிற்கும்வரை அசையாதீர்கள். தினமும் சொல்லிச் சொல்லி வாய் தானாகவே ஒப்பிக்கும். அன்றைக்கு மூன்றாவதைச் சொன்னதும், எதிரில் நின்ற அக்கா வாயை மூடியிருந்த முந்தானையை விலக்கினார்.

"கடிக்கறதுக்கு அந்த எடத்துல பல்லு இருக்கணுமேம்மா," என்றார்.

மேலே இரண்டு பல்லும் கீழே மூன்று பல்லும் இல்லை. கீழ்த்தாடை இடது பக்கமாக ஒதுங்கியிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை ஒழுங்காகப் படித்திருந்தால் நான் அந்தக் குச்சியை நீட்டியிருக்கவே மாட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, பல் இல்லாதவர்களுக்கான தாங்கியை மாட்டிப் படமெடுத்தேன்.

கள்ளக்குறிச்சியில் பல், தாடை, முகவெலும்பு ஆகியவற்றை மட்டும் ஸ்கேன் செய்கிற மையம் அது. கதிர்ப்படத் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஐந்து வருடமாக அங்கே வேலை செய்கிறேன். படம் திரையில் வந்ததும் எலும்பு எங்கே உடைந்தது, எப்படித் தப்பாகக் கூடியது என்பதெல்லாம் எனக்கே தெரிந்தது. டெக்னீஷியன் அதைச் சொல்லக் கூடாது. "எப்போ அடிபட்டுச்சுக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் ஊர் வெள்ளிமலைக்கும் அப்பால். இருபது வயதில், கரும்பு வெட்ட அவரையும் மற்ற ஆட்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கிய வேன் மலைப்பாதை வளைவில் சாய்ந்தது. கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது தாடை கோணலாகியிருந்தது. அதற்குப் பிறகு இருபது வருடம் ஒரு பக்கத்தாலேயே மென்று காலம் தள்ளினார். போன வருடம் காதோரம் வலி ஆரம்பித்து, வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காமல் போனது. சேலத்துக்குப் போய் ஒரு தாடை அறுவை நிபுணரைப் பார்த்தார்.

"ஒடைச்சித் திரும்பக் கூட்டி வெக்கிறேன்னாரும்மா. எப்டிக் கூட்டணும்னு அவருக்குத் தெரியணுமில்ல? அடிபடறதுக்கு முன்ன எடுத்த போட்டோ எடுத்துக்கினு வாங்க, பல்லு தெரியற மாதிரி இருந்தா ரொம்ப நல்லதுன்னாரு. இல்லாங்காட்டி ஒரு உத்தேசமா வெச்சிடுவாராம்." முந்தானையை மறுபடி வாயருகே இழுத்துக்கொண்டார். "இருவது வருசம் கழிச்சி உத்தேசமா ஒரு மூஞ்சி எனக்கு எதுக்கு? என் மூஞ்சி வேணும்."

அடிபட்ட பிறகு அவர் எந்தக் கேமராவுக்கும் முகம் காட்டியதில்லை. ஆதார் அட்டைக்கு மட்டும் வேறு வழியில்லாமல் காட்டினார். அடிபடுவதற்கு முன் அவரைப் படமெடுத்தது ஒரே ஒரு தடவை. தையல் பயிற்சிக்கு விண்ணப்பம் போட அண்ணனோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்தபோது. அதில் மிஞ்சிய ஒரு பிரதியைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வைத்திருந்தார்கள். மழையில் கூரை ஒழுகிச் சட்டத்துக்குள் தண்ணீர் போய், படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது முகம் கண்ணாடியோடு போய்விட்டது. பாலித்தீன் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். வெள்ளைக் காகிதத்தில் ஒரு காதும், தோளும், ஜாக்கெட்டின் நீலமும் மட்டும் இருந்தன.

பையில் இன்னொன்றும் இருந்தது. படம் வைத்துக் கொடுத்த சின்னக் காகிதக் கவர். அதன் மேல் அச்சடித்திருந்த ஸ்டூடியோ பெயரைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். என் அப்பாவின் கடை. நாங்கள் அவரை அத்தா என்போம். பின்பக்கம் அவர் கையெழுத்தில் இரண்டு எண்கள்: பா. 214, க. 61.

"டாக்டர்கிட்ட திரும்ப எப்ப போகணும்?"

"வர்ற மாசம் மொத செவ்வா."

அதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கவரைப் படமெடுத்துக்கொண்டு, அவருடைய அண்ணனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். கிடைக்கும் என்று சொல்லவில்லை. தேடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அத்தாவின் கடையில் இப்போது போன் உறைகளும், லேமினேஷனும், ஜெராக்ஸும்தான் அதிகம். பின்னாலிருக்கும் திரைக்கு முன் நிறுத்தி டிஜிட்டல் கேமராவில் பாஸ்போர்ட் படம் எடுத்து, பத்து நிமிடத்தில் கொடுத்துவிடுவார். பின்னறையின் இரும்பு பீரோவில் பழைய நெகட்டிவ்கள் இருந்தன. திறந்தால் புளித்த காடி வாசனை மூக்கில் ஏறும். அந்த அறையைக் காலிசெய்து போன் ரிப்பேர் பார்க்கிற ஒருவருக்கு விடுவதாக அவர் பேசி முடித்திருந்தார். பழைய சாமான் எடுக்கிறவர் அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வருவதாக இருந்தது.

போனில் இருந்த கவரின் படத்தைக் காட்டினேன். அத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கருகே கொண்டுபோனார்.

"கையெழுத்து என்னுதுதான். ஆளு தெரியாது."

"மலையிலருந்து வந்தவங்க. அண்ணனோட வந்திருக்காங்க. நீலக் கலர் ஜாக்கெட்."

"எத்தினி மூஞ்சிம்மா! எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிக்கினு இருக்க நா இன்னா மெமரி கார்டா?"

"பா-ன்னா பாஸ்போர்ட். க-ன்னா?"

"கல்யாணம். அறுபத்தொண்ணாவது கல்யாண ரோலு."

"பாஸ்போர்ட் படத்துக்கு எதுக்குக் கல்யாண நம்பர்?"

அவர் சிரித்தார். பிடிபட்டவரின் சிரிப்பு.

விஷயம் இதுதான். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். ஆனால் ஃபிலிமின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கைக் கேமராவுக்குள் கொஞ்சமும் வீணாக்காமல் மாட்டத் தெரிந்தவருக்கு முப்பத்தெட்டு கிடைக்கும். கல்யாண வீட்டுக்குச் சேர வேண்டியது முப்பத்தாறு. கைத்திறத்தால் கிடைத்த மற்ற இரண்டும் கடைக்கு. அந்த இரண்டையும் பாக்கி வைத்துக்கொண்டு அத்தா கடைக்குத் திரும்புவார். மறுநாள் காலையில் பாஸ்போர்ட் படத்துக்கு முதலில் வருகிறவர் அந்த இரண்டில் விழுவார். கண் மூடிவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரையே இரண்டு தடவை எடுப்பார். அப்புறம் ரோல் கழுவுவதற்காக சேலம் கலர் லேபுக்கு பஸ்ஸில் போகும். நான்கு நாளில் திரும்பி வரும். கழுவிய ஃபிலிமை ஆறு ஆறு படமாக வெட்டினால் ஆறு துண்டும், கடைசியில் இரண்டு படம் மட்டும் உள்ள ஒரு குட்டித் துண்டும் வரும். கல்யாணக் கூட்டத்தின் வாலில் சம்பந்தமே இல்லாத ஒரு முகம்.

"அப்போ அந்தக்காவோட நெகட்டிவ் அறுபத்தொண்ணாம் நம்பர் கவர்ல இருக்கும்."

"இருந்தா இருக்கும்," என்றார் அத்தா. அவர் குரல் இறங்கியதை நான் அப்போது கவனிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஃபிலிம் கேமரா போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. எங்கள் கடையிலேயே மூன்று தலைமுறைக் கேமராக்கள் இருந்தன. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கும் மரப்பெட்டி. அதை விழுப்புரத்தில் யாரோ கழித்துக்கட்டியபோது வாங்கியது. அப்புறம் தோளில் மாட்டுகிற ஃபிலிம் கேமராக்கள் இரண்டு. அப்புறம் டிஜிட்டல். ஒவ்வொன்றும் முந்தியதை அலமாரியில் ஒரு தட்டு மேலே ஏற்றியது. ஃபிலிம் காலத்தில், எடுத்த படம் வந்ததா வரவில்லையா என்பது நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். ஒரு கல்யாணத்தில் ஃபிலிமின் நாக்கு உருளையில் சிக்காமல் நழுவிவிட்டது. கேமரா முப்பத்தாறு தடவை கிளிக் என்றது, ஒரு படமும் விழவில்லை. அத்தா பெண்வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து நின்று, மறுவீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் திரும்ப மாலை போட வைத்து எடுத்தார். அந்த ஆல்பத்தில் எல்லோரும் கல்யாணத்தன்று சிரித்ததைவிட அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று இன்றும் சொல்வார். ஆனால் அந்த நான்கு நாள் அவர் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன், பாதித் தட்டு அப்படியே இருக்கும். டிஜிட்டல் வந்த வருடத்தில்தான் அத்தாவுக்கு வயிற்றுவலி நின்றது.

எக்ஸ்ரேயிலும் இதே கதைதான். நான் படித்த காலத்தில் ஃபிலிம் கழுவும் தொட்டியை ஆய்வகத்தில் ஒரு மூலையில் காட்டி, இது பரீட்சைக்கு மட்டும் என்றார்கள்.

ஆகவே பீரோவைத் திறந்தது பழைய வாசனைக்காக இல்லை. ஒரு பொருள் தொலைந்திருந்தது. அதற்கு ஒரு எண் இருந்தது. எண் இருக்கிற பொருளைத் தேட முடியும்.

வேலை முடிந்து வந்து மூன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். கல்யாணக் கவர்களை எண் வரிசையில் அடுக்கினேன். முதல் அறுபதில் இருபத்து மூன்று இருந்தன. அறுபத்தொன்று இல்லை. அதற்கு மேல் உள்ளவற்றிலும் பாதிக்கு மேல் இல்லை. நோட்டில் 'இருப்பவை', 'இல்லாதவை' என்று இரண்டு பத்தி போட்டு எழுதினேன். இல்லாதவற்றுக்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும், கரையான் எண் பார்த்து அரிக்காது. பில் புத்தகங்களுக்கு அடியில் அத்தாவின் பழைய பதிவேடு கிடைத்தது. இல்லாத ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே மூன்று எழுத்து: நெ. பெ. வீ.

"நெகட்டிவ் பெண்வீடு," என்றார் அத்தா, கேட்காமலேயே.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அப்படி ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. ஆல்பம் வாங்க வரும்போது பெண்ணின் அப்பாவோ அண்ணனோ நெகட்டிவையும் கேட்பார்கள். தங்கள் வீட்டுப் பெண்ணின் முகம் ஊரான் கடையில் கிடக்கக் கூடாது. எவனாவது பிரதி போட்டு வைத்துக்கொண்டால்? அத்தாவுக்கு இது நியாயமாகவே பட்டது. தன் பெண்ணாக இருந்தால் தானும் கேட்டிருப்பேன் என்பார். கட்டுக்கட்டாக நூல் போட்டுக் கொடுத்துவிடுவார்.

"வாலையும் சேர்த்தா?"

"பிரிச்சா அவங்க சந்தேகப்படுவாங்கம்மா. துண்டு ஒண்ணு கொறையுதேன்னு எண்ணிப் பாப்பாங்க. எதுக்கு வம்புன்னு மொத்தமா குடுத்துடுவேன்."

"வால்ல இருக்கிறதும் ஒரு வூட்டுப் பொண்ணுதானே, அத்தா?"

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, அறுபத்தொன்றாம் எண்ணில் விரல் வைத்து, ஊர்ப் பெயரைப் படித்தார். சங்கராபுரத்திலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம். பெண்ணின் அப்பா பெயர் இருந்தது.

"ஞாயித்துக்கிழம போலாம்," என்றார். "நானும் வரேன். நீ மட்டும் போயி நெகட்டிவ் கேட்டா வெரட்டிவுட்டுடுவாங்க."

அத்தாவின் வண்டியில் போனோம். வழியெல்லாம் மரவள்ளி. பெண்ணின் அப்பா இறந்துவிட்டிருந்தார். பெண் சின்னசேலத்தில் குடும்பத்தோடு இருந்தார். அந்த வீட்டில் இப்போது பெண்ணின் அண்ணனும், அண்ணியும், பிள்ளைகளும். அண்ணன் வயலுக்குப் போயிருந்தார். வாசலில் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்த அண்ணி எங்களை நிமிர்ந்து பார்த்ததும் அத்தாவை அடையாளம் கண்டுகொண்டார்.

"போட்டோ பாய்தான? எங்க நாத்தனா கல்யாணத்துல என்னைய ஒரு படத்துலகூட முழுசா எடுக்காத ஆளு! எல்லாத்துலயும் அரை மூஞ்சி. இப்ப மிச்ச அரையை எடுக்க வந்தீங்களா?"

"அதுக்குத்தான் பொண்ணைக் கூட்டியாந்தேன்," என்றார் அத்தா. "நா எடுத்தா சரியா வராது."

உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நான் விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன். மலைக்காரப் பெண், வேன், தாடை, டாக்டர், செவ்வாய்க்கிழமை. அண்ணி சோளத்தைக் கிளறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அவ மூஞ்சி எங்க வூட்டுல இருக்குதுன்றீங்களா? இருவது வருசமா?"

"இருக்கணும்."

"எங்க மாமனாரு நெகட்டிவை வாங்கியாந்து, நம்ம பொண்ணு மூஞ்சி பத்திரமா வந்துடுச்சின்னு ஊரு பூரா சொல்லிக்கினு இருந்தாரே! ஊரான் வூட்டுப் பொண்ணையும் சேத்துல்ல தூக்கியாந்திருக்காரு." சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "பாவம். இரும்மா, தேடறேன்."

பட்டுப்புடவை வைக்கும் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அத்தா கட்டிய நூல்கூட மாறவில்லை. ஆனால் கட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தது. கட்டிலில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துத் துண்டுகளை வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் குட்டி எண் அச்சாகியிருக்கும். ஒன்றிலிருந்து ஆறு, ஏழிலிருந்து பன்னிரண்டு என்று போய், முப்பத்தாறோடு நின்றது. வாலைக் காணோம். முதல் துண்டின் தலைப்பில் வெளிச்சம் பட்டுக் கருகிப்போன கறுப்பு நாக்கும் இல்லை. கத்தரித்திருந்தார்கள்.

"இதை யாராவது வெட்டினாங்களா அண்ணி?"

அவர் முகம் மாறியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "கெரகணம்!" என்றார்.

சில வருடங்களுக்கு முன் சூரிய கிரகணம் வந்தபோது, பிள்ளைகளுக்குப் பார்ப்பதற்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. நெகட்டிவைக் கண்ணில் வைத்துப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பார்க்கக் கூடாது. கலர் நெகட்டிவ் கண்ணுக்குத் தெரியாத சூட்டைத் தடுக்காது என்று நான் அங்கேயே சொல்லிவிட்டேன். அவர்கள் கல்யாண நெகட்டிவைப் பிரித்து வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டாகப் பார்த்திருக்கிறார்கள்.

"எங்க ஆளுங்க மூஞ்சி இருக்கிறத வெட்டக் கூடாதுன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிட்டாரு. பாத்துக்கினே வந்தோம். கடைசில ஒரு குட்டித் துண்டு. யாரோ ஒரு பொண்ணு. நம்மாளு இல்லன்னு அத வெட்டிட்டோம். தெரியாதேம்மா. யாருன்னே தெரியலியே."

"கண்ணாடி எங்க இருக்கு?"

அது தெரியவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரித்தார். ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். பரண், பள்ளிக்கூடப் பைகள், தையல் மிஷின் டப்பா என்று அண்ணி தானே ஏறி இறங்கித் தேடினார். நான் தேடிய இடங்களை மனதுக்குள் அடித்துக்கொண்டே வந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அத்தா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை, மோரையும் குடிக்கவில்லை. கடைசியில் பெரிய பெண் போய், பழைய நாள்காட்டி அட்டைகளைச் செருகி வைக்கும் ஆணியிலிருந்து அதைக் கொண்டுவந்தாள்.

கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டை. நடுவில் சதுரமாக ஜன்னல். ஜன்னலில் கறுப்பு நாக்கும், அதன் அடியில் வால் துண்டும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்திருந்தது.

நகத்தால் ஊசிகளை நிமிர்த்திக் கழற்றினேன். துண்டில் இரண்டு படம். அண்ணியின் போனில் வெள்ளைத் திரையை வைத்து அதன் மேல் துண்டை வைத்தேன். என் போனின் கேமராவில் நிறங்களைத் தலைகீழாக்கும் அமைப்பு இருக்கிறது. அதில் பார்த்தபோது ஆரஞ்சுப் பேய் முகம் மறைந்து ஆள் வந்தது. நீல ஜாக்கெட்.

முதல் படத்தில் வாய் இறுக மூடியிருந்தது. ஊசி சரியாகக் கன்னத்தில் குத்தியிருந்தது. இரண்டாவது படத்தில் தலை கொஞ்சம் சாய்ந்து, ஒரு கண் பாதி மூடி, வாய் விரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். எந்த ஸ்டூடியோவும் பிரதி போடாத படம். மேல்வரிசைப் பற்கள் அத்தனையும் தெரிந்தன.

அத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "அடச்சீ, வேஸ்ட் பிரேம்," என்றார். தொழில் புத்தி. அடுத்த கணம் அவருக்கே புரிந்து, "அல்ஹம்துலில்லாஹ்," என்று கையை முகத்தில் தடவிக்கொண்டார்.

வண்டியில் திரும்பும்போது இதைப் பற்றித்தான் யோசித்தேன். டிஜிட்டலாக இருந்திருந்தால் அத்தா அந்தப் படத்தைப் பார்த்த நொடியிலேயே அழித்திருப்பார். நானும் அப்படித்தான் செய்வேன். பழைய கேமராவுக்கு அழிக்கத் தெரியாது. நல்லதையும் கெட்டதையும் ஒரே நாடாவில் வரிசையாக வைத்திருக்கும். அதை ஒரு பெருமையாகச் சொல்ல மாட்டேன். வேறு வழி இல்லாததால் அது அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

பழைய எக்ஸ்ரே படங்களை மாட்டிப் பார்க்கிற விளக்குப் பெட்டி ஒன்று எங்கள் மையத்தில் சும்மா கிடந்தது. கேட்டு வாங்கி வந்தேன். அதன் மேல் துண்டை வைத்து, அத்தாவின் டிஜிட்டல் கேமராவைக் கவிழ்த்து மாட்டிப் படமெடுத்தேன். கணினியில் ஆரஞ்சுப் படலத்தைக் கழித்து, ஒளியைத் திருப்பிப் போட்டேன். முகம் திரை நிறைய வந்தது. அடையாளத்துக்குக் காதை ஒப்பிட்டேன். தாடை மாறலாம், காது மடல் மாறாது. கெட்டுப்போன பிரதியில் மிஞ்சியிருந்த காதும் இதுவும் ஒன்றுதான்.

முகத்தின் குறுக்கே நான்கைந்து கீறல்கள் இருந்தன. ஆணியில் கிடந்து ஏற்பட்டவை. அத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மவுஸைப் பிடித்தார்.

"எதுக்கு அத்தா?"

"கீறலை எடுத்துடறேன். அந்த அரைக் கண்ணைத் தொறந்து வுட்டுடறேன். பல்லுகூட ஒண்ணு ஏறிக்கினு நிக்குது பாரு, அத நேராக்கிட்டா பொண்ணு லட்சணமா இருக்கும்."

"எதையும் தொடாதீங்க."

"பொம்பளப்புள்ள மூஞ்சில கீறலோட குடுக்கறதா? கடை பேரு இன்னா ஆவுறது?"

"டாக்டர் இதை அளந்து பார்த்துத்தான் எலும்பை வெட்டுவார். நீங்க நகத்தளவு நகர்த்தினா அவரும் நகத்தளவு நகர்த்துவார். அப்புறம் அந்தக்கா உங்க டச்சிங்கோடதான் வாழ்நாள் பூரா சாப்பிடணும்."

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். நாற்பது வருடம் பென்சிலாலும் கணினியாலும் ஊர் முகங்களைத் திருத்தியவர். கைகட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து நான் கோப்பைச் சேமிக்கும்வரை பார்த்தார். கோப்போடு ஒரு பக்கத்தில் எழுதி வைத்தேன்: தலை சற்று இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, நேராக்கவில்லை. கீறல்கள் ஃபிலிமில் உள்ளவை, தோலில் அல்ல. நிறம் நம்பத்தக்கதல்ல, அளவு விகிதம் நம்பத்தக்கது. பற்கள் திருத்தப்படவில்லை.

வெள்ளிக்கிழமை சாமான்காரர் வந்தபோது பீரோவைத் தரவில்லை. வால் துண்டுகளை மட்டுமாவது பிரித்துத் தனியாக எடுத்து வைக்கும்வரை இருக்கட்டும் என்று அத்தாவே சொன்னார். போன் ரிப்பேர்க்காரர் முன்பக்கமே மேஜை போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை அக்காவும் அவருடைய அண்ணனும் மையத்துக்கு வந்தார்கள். திரையில் படத்தைக் காட்டினேன். அக்கா முந்தானையை எடுக்கவில்லை. திரைப் பக்கமாகக் குனிந்தார். அண்ணன்தான் முதலில் பேசினார்.

"நாந்தான் சொன்னேன். 'ஆடு திருடனவ மாரி நிக்காத, சிரி'ன்னு சொன்னேன். போட்டோ பாய் என்னைய வெளிய போச் சொல்லி வெரட்டினாரு."

"சும்மா இரு," என்றார் அக்கா. திரையில் ஒரு விரலை வைத்துப் பல்வரிசை மேல் மெதுவாக நகர்த்தினார். "இந்தப் பல்லு இப்டித்தான் ஏறிக்கினு இருக்கும். மறந்தே பூட்டேன்."

மறுநாள் மூவரும் சேலம் பஸ் ஏறினோம். எனக்கு அன்று விடுப்பு. கோப்பை நானே கொடுத்து விளக்க வேண்டும் என்று நினைத்தேன். டாக்டர் என் குறிப்பை முதலில் படித்தார், பிறகு படத்தைப் பெரிதாக்கினார். ஸ்கேனைப் பக்கத்தில் வைத்து மேல்பல்லின் நடுக்கோட்டுக்கும் முகவாய்க்கும் கோடு போட்டார். இரண்டு முறை அழித்துப் போட்டார்.

"இது போதும்," என்றார். "தாடை எங்க இருந்ததுன்னு இப்ப சந்தேகம் இல்ல. முதல்ல எலும்பு. அது கூடினதும் பல் கட்டலாம்." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேக்கணும்மா. முன்பல் ரெண்டுல இடது பல் பக்கத்துப் பல்லு மேல கொஞ்சம் ஏறியிருக்கு. புதுசாக் கட்டறப்ப நேராவே கட்டிடலாம். பார்க்க நல்லா இருக்கும். எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க."

அண்ணன் தலையாட்டினார். "நேராவே வெச்சிடுங்க சார்."

"ஏன், உன் வாயிலயா வெக்கப் போறாரு?" என்றார் அக்கா. முந்தானையை எடுத்து மடியில் போட்டார். "வாணாம் சார். அதுல எப்டி இருக்குதோ அப்டியே ஏத்தி வையுங்க."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

டாக்டர் தாளில் எழுதினார். ஒப்புதல் படிவத்தையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார். அக்கா பேனாவை எடுத்தார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

"இன்னா எழுதினீங்க சார்? படிச்சிக் காட்டுங்க."

டாக்டர் தாளைத் திருப்பிப் பிடித்துப் படித்தார். "மேல்வரிசை முன்பற்களில் இடது பல், வலது பல்லின் மேல் சற்று ஏறியபடி. படத்தில் உள்ளவாறே. நேராக்க வேண்டாம்."

"கடைசி வார்த்தையை இன்னொரு தபா படிங்க."

"நேராக்க வேண்டாம்."

அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முழுப் பெயரையும் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.